ஆளவந்தார் வயிற்றில் விழுந்த கோடுகள்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. அதை இழுத்துவந்த பொறியாளர் ஆளவந்தார் மட்டும் ஊருக்கே தெரிவார், அவ்வளவு பேசுவார். அவர் போட்ட புதிய மின்கம்பி ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைச் சுவரை உரசிக்கொண்டு போனது. அன்று முதல், யார் வயிற்றை ஸ்கேன் பார்த்தாலும் திரை முழுக்கக் கோடுகள்.

கம்பியைத் தள்ளிப் போடும்படி டாக்டர் வைதேகி கேட்டார்.

“என் கம்பி சுவரேறிக் குதிக்குமா? மெஷினைத் துடைக்கிறாளே, அவள் கைபட்டுத்தான் கெட்டது. அவளை முதலில் வேலையை விட்டு அனுப்புங்கள்!” என்றார் ஆளவந்தார்.

துடைக்கிறவள் செங்கமலம். இந்த வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“சரிங்க சார். நான் வாசல்லயே நிக்கிறேன். மெஷினைத் தொடல. நீங்களே படுத்துப் பாருங்க” என்றாள்.

ஆளவந்தார் கம்பீரமாகச் சட்டையைக் கழற்றிப் படுத்தார். டாக்டர் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். திரை முழுக்க அதே கோடுகள்.

“ஐயையோ! கம்பியிலயும் குத்தமில்ல, என் கையும் படல. அப்ப சார் வயித்துலதான் ஏதோ இருக்கு. அறுத்துப் பாத்துடுங்க டாக்டரம்மா!” என்றாள் செங்கமலம் வாசலிலிருந்தே.

டாக்டர் சிரிக்காமல் கையுறையை எடுத்தார்.

ஆளவந்தார் துள்ளி எழுந்தார். “வயிறு நல்லாத்தான் இருக்கு! எல்லாம் அந்தக் கம்பியால! இன்னிக்கே தள்ளிப் போடறேன்!”

தொப்பையில் ஜெல் வழிய, துடைத்துவிடச் சொல்லிச் செங்கமலத்தைப் பார்த்தார்.

அவள் எட்ட நின்றே துணியை நீட்டினாள். “நீங்களே தொடச்சிக்கிடுங்க சார். என் கைபட்டா கெட்டுப்போயிடும்.”