மீதி வார்த்தை

"டீச்சர், குட்டை என்னை இழுக்குது," என்றாள் பூங்காவனம்.

கல்லுடைத்துக் கல்லுடைத்துக் கைவிட்ட குழி அது. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடந்தது. அது ஆளை இழுக்கும் என்று ஊரே சொல்லும். சும்மாவும் சொல்லவில்லை. போன தை மாதம் குளிக்க இறங்கிய பூங்காவனத்தின் தம்பி ஏழுமலை மேலே வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் உச்சிப்பொழுதில் தம்பியின் குரல் கேட்கிறதாம்.

இன்றைக்கு வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மாட்டையும் அவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போக நினைப்பவள் செய்கிற காரியமா அது?

டீச்சர் அமிர்தவல்லி, பூங்காவனத்தைவிட வயதில் சின்னவள். கல்லூரியில் இயற்பியல் நடத்திய வேலையை விட்டுவிட்டு, குட்டைக் கரையில் ஓர் அறை போட்டுத் தனியாக இருந்தாள். கிறுக்கு என்று பேசுகிறவர்களும் மனசு ஆடினால் அவளிடம்தான் வந்து உட்காருவார்கள்.

"இழுக்கிறது குட்டை இல்லக்கா. மொத்த பூமியும்."

பூங்காவனம் வெடுக்கென்று நிமிர்ந்தாள். ஆறுதல் சொல்வாள் என்று வந்தால் இப்படியா பேசுவாள்?

அமிர்தவல்லி சீப்பை எடுத்துத் தன் தலையை வாரி, தரையில் கிடந்த சருகுத் தூளுக்கு மேலே பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய்த் தலை, எப்படி நடக்கும்?

சிரித்துக்கொண்டே பூங்காவனத்தின் தலையை வாரினாள். தம்பி போனதிலிருந்து எண்ணெய் காணாத தலை. இந்தத் தடவை தூள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டியது.

"பூமி மொத்தமும் சேர்ந்து அந்தத் தூளைக் கீழே பிடிச்சிருந்துச்சு. ஒரு சீப்பு ஜெயிச்சிடுச்சு பாருங்க."

பிறகு விளக்கினாள். அணுவுக்கு நடுவில் புரோட்டான், வெளியே எலக்ட்ரான். இரண்டுக்கும் நடுவே எடையின் இழுப்பும் உண்டு, மின்சாரத்தின் இழுப்பும் உண்டு. முதலாவது ஒன்று என்றால், மற்றது ஒன்று போட்டு, பின்னால் முப்பத்தொன்பது சைபர்.

"எடைக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தைதான்க்கா. வா. மின்சாரத்துக்கு ரெண்டு தெரியும். எதிரெதிர்னா வா, ஒரே மாதிரின்னா வராதே."

அவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குழியின் விளிம்புப் பாறையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பூமி வா வான்னு இழுக்குது. ஏன் இன்னும் கீழே போகல?"

"பாறை தாங்குதே."

"பாறையோட எலக்ட்ரான் உங்க காலோட எலக்ட்ரானை வராதேன்னு தள்ளுது. அந்தத் தள்ளுமேலதான் நிக்கிறீங்க."

பூங்காவனம் குனிந்து காலைப் பார்த்தாள். உள்ளங்கால் கூசியது.

வெயில் உச்சிக்கு வந்தது. காற்று நின்றுபோனது. தண்ணீருக்கு அடியிலிருந்து குரல் எழுந்தது.

அவள் கை தானாகக் காதுக்குப் போனது. அமிர்தவல்லி அதைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு எதுவும் கேட்கவில்லை, தம்பி என்னதான் சொல்கிறான் என்று கேட்டாள். 'வ' என்று ஆரம்பித்ததுமே காதைப் பொத்திக்கொள்வது வழக்கம் என்றாள் பூங்காவனம். வா என்பதைத் தவிர வேறென்ன சொல்லப் போகிறான்?

"இன்னைக்கு முழுசாக் கேளுங்கக்கா."

கேட்டாள்.

ஏழுமலைதான். பாறைக்கு வெடி வைத்த நாளில், சோற்றுத் தூக்கோடு வந்தவளைத் தூரத்திலேயே நிறுத்தி அதட்டினானே, அதே குரல்.

"வராதக்கா."

பூங்காவனம் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். கோபமும் வந்தது, உயிரும் வந்தது.

அழுது முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளாமல் போக மனசு வரவில்லை. குழியைப் பார்த்துத் திரும்பி, "போயிட்டு வ..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"போறேன்டா."

எதிரொலி என்றால் கடைசி எழுத்தான 'டா'தான் திரும்பி வரும்.

"போ," என்று வந்தது.

இந்தத் தடவை அமிர்தவல்லிக்கும் கேட்டது.