ஐந்து பின்சைட்டுகளும் ஒரு கண் மறைப்பும்

அன்று காலை துப்பாக்கி சுடும் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்.

பயிற்சி கொடுக்கும் ரஹமத்நிஷா, வயது முப்பத்து மூன்று. சங்கச் செயலாளர் சடகோபன், நோட்டுப் புத்தகத்தோடு. மூன்றாம் சுடுதடத்தில் தேங்காய் வியாபாரி நாச்சிமுத்து. ஏழாம் தடத்தில் வங்கி மேலாளர் குமுதவல்லி. நான்காம் தடத்தில் அருளப்பன், வயது அறுபத்தொன்று. லேத் பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பைக் கடைந்து ஓய்வு பெற்றவர்.

டீ கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"அம்மணி, ஒரே ஒரு கேள்வி" என்றார் அருளப்பன். "இந்த அஞ்சுல எதை மாட்டட்டும்?"

பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சுக் குழிகளில் ஐந்து பின்சைட்டுகள் படுத்திருந்தன.

பின்சைட் என்பது ஏர் ரைஃபிளின் பின்பக்கம், கண்ணை ஒட்டி நிற்கும் சிறு குழல். அதன் ஊசித்துளை வழியாகப் பார்த்தால் குழாய் முனையில் இருக்கும் வளையம் தெரிய வேண்டும். அந்த வளையத்துக்கு நடுவே, பத்து மீட்டர் தள்ளி, அட்டையின் கறுப்பு வட்டம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"இந்த வயசுல அஞ்சு சைட்டுங்ளாண்ணா? வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு அவளே வாங்கிக் கொடுத்தது. நீ உன் அட்டையைப் பாரு."

பத்து மணிக்கு மாதத் தேர்வு. நாற்பது குண்டு, நானூறு மார்க். முந்நூற்று நாற்பதுக்குக் கீழே தொடர்ந்து மூன்று மாதம் போனால் தடம் கைவிட்டுப் போகும். காத்திருப்போர் பட்டியலில் பதினொரு பேர். போன மாதத்துக்கு முந்தின மாதம் அருளப்பன் எடுத்தது முந்நூற்று முப்பத்தாறு. போன மாதம் முந்நூற்று முப்பத்தொன்று.

நான்காம் தடம் அவருக்கென்று ஆகி ஒன்பது வருஷம். பட்டறையை விட்ட பிறகு கைக்கு வேலை சொன்ன இடம் அது ஒன்றுதான்.

ரஹமத்நிஷா ஒரு பின்சைட்டை எடுத்தாள்.

"இதை ஏன் மாத்துனீங்க?"

"துளை பெருசுங்க."

"இதை?"

"துளை சின்னதுங்க."

"இதை?"

"திருகு லூசுங்க."

"இது?"

"திருகு டைட்டுங்க."

"இது?"

அருளப்பன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு குறையும் இல்லீங்க அம்மணி."

"அப்புறம் என்ன?"

"அதுதான் பயமா இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. "ஒவ்வொண்ணா மாட்டுங்க" என்றாள்.

மாட்டினார். ரைஃபிளின் கட்டையில் கன்னத்தை வைத்தார்.

"என்ன தெரியுது?"

"வளையம் தெரியுதுங்க. கறுப்பு மட்டும் புகையடிச்ச மாதிரி இருக்குது."

கழற்றினார். இரண்டாவதை மாட்டினார்.

"புகைதாங்க."

மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிஷம் பிடித்தது. அவசரப்படுகிற கை அல்ல அவருடையது. திருகை ஒரே அளவில் முறுக்குவார். அரைச் சுற்றுக் கூடாது, கால் சுற்றுக் குறையாது.

ஐந்தாவதிலும் புகைதான்.

ரஹமத்நிஷா குனிந்து அதே துளை வழியாகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுதே."

"உங்களுது சின்ன வயசுக் கண்ணுங்க." அவர் திருகுச் சாவியைத் துடைத்தார். "வேலை கோணலா வந்தா டூலைத்தான் பார்க்கணும் அம்மணி. நாற்பது வருஷம் அப்படித்தான் பார்த்தேன். ஒரு நாளும் ஏமாந்ததில்லை."

"முதல் சைட்டை எப்ப வாங்கினீங்க?"

"சித்திரைல."

"கண் டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க?"

துடைத்த சாவியையே அருளப்பன் மறுபடி துடைத்தார்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்ணா. நோட்டீஸ் போர்டை இப்பெல்லாம் நீங்க தலையைத் திருப்பித்தான் படிக்கறீங்க."

நாச்சிமுத்து டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"சித்திரைல" என்றார் அருளப்பன்.

"என்ன சொன்னாங்க?"

"வலது கண்ணுல நட்ட நடுவுல வடுன்னாங்க. என்னைக்கோ தெறிச்ச இரும்புத் துகளாமா. கண்ணாடி போட்டாலும் தீராதாம், ஆப்பரேஷனுக்கும் அடங்காதாம். பழகிக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"சைட் சரியில்லைன்னு சொன்னேன்."



குறி பார்ப்பவர்கள் தலையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வெள்ளை மறைப்புத் தொங்கும். குறி பார்க்காத கண்ணை அது மூடிக்கொள்ளும். கண்ணைச் சுருக்கிச் சிரமப்பட வேண்டியதில்லை. அருளப்பனின் மறைப்பு இடது கண் மேல் தொங்கியது. அது அங்கேயே இருந்து பட்டையின் அந்த இடம் பளபளத்துப் போயிருந்தது.

ரஹமத்நிஷா கையை நீட்டினாள். மறைப்பை இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்குத் தள்ளினாள்.



"அம்மணி, இது ஒன்பது வருஷமா மூடிக் கிடந்த கண்ணுங்க. இதுக்கு என்ன தெரியும்?"

"அதையே கேளுங்க."

அருளப்பன் கழுத்தைக் கட்டைக்கு மேலே நீட்டி, மறுபக்கமாகச் சாய்த்து, கோழி கூண்டுக்குள் தலை விடுவதுபோல் இடது கண்ணைத் துளையில் வைத்தார்.

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். குமுதவல்லி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கறுப்பு வட்டம் கறுப்பாக இருந்தது. விளிம்பில் புகை இல்லை, பிசிறு இல்லை. லேத்தில் ஏற்றிக் கடைந்து எடுத்ததுபோல் இருந்தது. அட்டையின் மேல் மூலையில் ஒரு சின்ன மடிப்பு. அதுவும் தெரிந்தது.

அருளப்பன் தலையை எடுக்கவே இல்லை.

ஒரு நிமிஷம் ஆயிற்று. கன்னம் நனைந்தது. மறைப்புக்குப் பின்னால் இருந்த கண்ணும் கூடவே நனைந்தது.

"இங்கேயேதான் இருந்திருக்குது" என்றார் மெல்ல. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"பத்தாக இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சடகோபன் குரல் கொடுத்தார். "நாலாம் தடம் தயாருங்களா?"

அருளப்பன் நிமிர்ந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. இடது கண்ணால் குறி பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கி இடது தோளுக்குப் போக வேண்டும். விசையை இழுக்கும் வேலை இடது விரலுக்குப் போக வேண்டும். நிற்கிற காலிலிருந்து எல்லாம் மாற வேண்டும். இன்றைக்கு அப்படிச் சுட்டால் நூறு மார்க் கூடத் தேறாது.

வலது கண்ணே போதுமென்று நின்றால், ஒன்பது வருஷப் பழக்கம் எப்படியாவது முந்நூற்று நாற்பதைத் தொட்டாலும் தொட்டுவிடும். தடம் நிற்கும். இந்த மாதத்துக்கு நிற்கும்.

"அம்மணி, நான் என்ன செய்யட்டும்?"

ரஹமத்நிஷா நடந்தாள். ஒன்றாம் தடத்துக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து பழகும் இடம் அது. மேஜை மேல் இருந்த மணல் மூட்டையை இரண்டு தட்டுத் தட்டித் தூசி போக்கினாள். நாற்காலியை இழுத்து மேஜைக்கு இடது சாய்வாகப் போட்டாள்.

அருளப்பன் நான்காம் தடத்தை ஒரு முறை பார்த்தார். ஒன்றாம் தடத்தை ஒரு முறை பார்த்தார்.

"சடகோபன், என் பேரை அடிச்சிருங்க."

"அண்ணா, அடிச்சாத் தடம் போயிரும். வெளியில பதினோரு பேர் நிக்கறாங்க."

"பன்னெண்டாவதா எழுதிக்குங்க."

சடகோபன் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு எழுதினார். எழுதியதை ஊதிக் காய வைத்தார்.

"ஒண்ணாங்கிளாஸுக்குச் சிலேட்டு வேணுங்ளாண்ணா?" என்றார் நாச்சிமுத்து.

"குச்சியும் சேர்த்துக் கொண்டா. ஒடைஞ்ச குச்சியைக் குடுத்துறாத."

குமுதவல்லி தன் ரைஃபிளைக் காலி செய்து, குழாயைச் சுவர்ப் பக்கம் பார்த்தபடி பிடித்து எடுத்துவந்தாள். அந்தக் கூடத்தில் இடது கைக்காகச் செதுக்கிய கட்டை அது ஒன்றுதான்.

"இதை எடுத்துக்குங்கண்ணா."

"உங்களுக்குத் தேர்வு இருக்குதுங்களே?"

"எனக்கு ரெண்டாவது சுத்து, பதினோரு மணிக்கு. அதுவரைக்கும் இது உங்களுது."

பையிலிருந்து பிரிக்காத குண்டு டப்பா ஒன்றையும் எடுத்து வைத்தாள். "இந்தக் குழாய்க்கு இந்தக் குண்டுதான் ஒத்துவரும். ஐந்நூறு இருக்கு."

அருளப்பன் இரண்டு கைகளையும் துண்டில் துடைத்தார். அப்புறம்தான் வாங்கினார். நன்றி என்ற சொல்லை அவர் பட்டறையில் யாரும் சொல்லிப் பழகவில்லை, அவருக்கும் வரவில்லை. கட்டையில் கன்னம் படுகிற இடத்தைத் துண்டாலேயே ஒரு முறை ஒற்றினார். குமுதவல்லிக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்றாம் தடத்தில் உட்கார்ந்தார். இடது தோளில் ரைஃபிள் யாரோ பெற்ற பிள்ளை மாதிரி இறங்காமல் நின்றது. ரஹமத்நிஷா அவர் முழங்கையை மணல் மூட்டையில் அழுத்தினாள். இடது விரல் விசையைத் தேடிக் கண்டுபிடித்தது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

மூச்சைப் பாதி விட்டார்.

டப்.

பழக்கத்தில் அவர் கை பக்கத்தில் இருந்த தொலைநோக்கிக்குப் போனது. ஒவ்வொரு குண்டுக்கும் அதில் பார்த்துத்தான் ஓட்டை எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்வார்.

ரஹமத்நிஷா தொலைநோக்கியின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

அருளப்பன் அவளைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார்.

கறுப்புக்கு வெளியே, கீழே, இடது பக்கம், வெள்ளையில் ஒரு புள்ளி.

"அம்மணி, மூணுங்க."

"வேற?"

"ஓட்டை தெரியுதுங்க. இங்கிருந்தே தெரியுதுங்க."

"மூணு மார்க்குக்கா இத்தனை சந்தோஷம்?" என்றார் நாச்சிமுத்து, மூன்றாம் தடத்திலிருந்து.

அருளப்பன் திரும்பவில்லை. அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பாவுல மீதி எத்தனைங்ணா?" என்று கேட்டாள் ரஹமத்நிஷா.

"நானூத்தித் தொண்ணூத்தொம்பதுங்க."