ஒரு கடுகு எடைச் சூடு

தராசை நம்பியே ஆட்சி நடத்திய ராஜா ஒருவர் இருந்தார். மானகவசர் என்று பெயர். மடைப்பள்ளியிலிருந்து கிளம்பும் எந்தப் பதார்த்தமும் அங்கே ஒரு தரம், ராஜாவின் இலைக்கு முன்னால் ஒரு தரம் எடை பார்க்கப்படும். நடுவழியில் யாரும் கை வைக்காதபடி மந்திரி அனந்தராயரே அதைச் சுமந்து வருவார்.

ஒரு நாள் கொதிக்கக் கொதிக்கக் கிளம்பிய ரசம் ஆறிப்போய் வந்தது. எடையில் சரியாக ஒரு கடுகு குறைவு. அந்தத் தராசு அப்படி. ஈ உட்கார்ந்தால் எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது என்றுகூடக் காட்டிவிடும்.

மந்திரி முந்திக்கொண்டார். எடையும் சூடும் ஒன்றுதான், அளவுதான் வேறு என்று போன மாதம் வந்த பண்டிதர் சொன்னாரே, ஆகையால் காணாமல் போனது சூடு, திருடியது சமையற்காரி குப்பாயி என்றார். ராஜாவுக்கு அது நியாயமாகவே பட்டது. சாயங்காலத்துக்குள் கடுகு எடைச் சூட்டைத் திருப்பித் தராவிட்டால் குப்பாயி நாட்டை விட்டே போகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

குப்பாயி அழவில்லை. இருபது வருஷம் புகை குடித்த கண். அழுதாலும் வித்தியாசம் தெரியாது.

"சூட்டை எந்த முந்தானையில முடிஞ்சு வெச்சிருப்பேன் சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

சபை விகடர் வெண்காடர் எழுந்தார்.

"நானே தருகிறேன் மகாராஜா. எங்கே கொட்டட்டும்?"

"அண்டாவில் கொட்டும்."

"அண்டா தாங்காது. பண்டிதர் சொன்னதில் மந்திரி பாதியைத்தான் கேட்டார். படியும் மரக்காலும் மாதிரிதான் சூடும் எடையும். ஆனால் எட்டுப் படி ஒரு மரக்கால் என்கிற சின்னக் கணக்கில்லை. ஒளியின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கவேண்டும். ஒரு கடுகு எடைச் சூட்டைக் கொட்டினால் நம் அரண்மனைக் குளம் மொத்தமும் கொதிக்கும்."

தினமும் அதில் குளிக்கிற ராஜா கொஞ்சம் நெளிந்தார்.

"ரசம் அந்தக் குளக்கரை வழியாகத்தான் வந்தது," என்றார் வெண்காடர். "மீனெல்லாம் நிம்மதியாக நீந்துகிறது. சுமந்துவந்த மந்திரிக்கும் ஒரு கொப்புளமில்லை. ஆகவே போனது சூடில்லை."

"பின்னே?"

"கடுகுதான். வழியில் குடித்த ரசத்துக்கு ஈடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டார். அதனால்தான் ஆறிப்போயிற்று. ஆனால் ஒட்டிக்கொண்ட கடுகை மறந்துவிட்டார். அதோ, மீசையில், இடது பக்கம்."

மந்திரியின் கை மீசைக்குப் போனது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளையிலிருந்து குப்பாயியே தன் கையால் கொண்டுவந்து பரிமாறட்டும், எடை பார்க்கவேண்டாம் என்றார். பிறகு மந்திரியிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்குப் போகும்போது குளக்கரைப் பக்கம் போகாதேயும். அந்தக் கடுகு உள்ளே விழுந்தால் நான் நாளைக்கு எங்கே குளிப்பது?"