பெருச்சாளி எழுதிய விமர்சனம்

நீர்நாய் கிணற்றுக்குள் குதித்தது. அத்தோடு புத்தகம் முடிந்துபோனது.

பெருச்சாளிக்கு வந்ததே ஒரு கோபம். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது, உதறிப் பார்த்தது, அட்டையை மோந்துகூடப் பார்த்தது. கீழே பொடி எழுத்தில், ‘மீதியை இரண்டாம் பாகத்தில் காண்க’ என்று இருந்தது. சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளச் சொன்ன மாதிரி!

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்டுப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு ஓடியது. அங்கே முள்ளம்பன்றி டீச்சர்தான் நூலகர். அதனால் அந்த நூலகத்தில் யாரும் இடித்துத் தள்ளுவது கிடையாது.

“டீச்சர், இரண்டாம் பாகம் குடுங்க. சீக்கிரம்.”

“விமர்சனம் எங்கே?”

படித்த புத்தகத்துக்கு விமர்சனம் எழுத வேண்டும். தலைமையாசிரியர் கொக்கு சார் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் அடுத்த புத்தகம். பள்ளியின் சட்டம் அது.

பெருச்சாளி அங்கேயே உட்கார்ந்து எழுதியது. மனசில் இருந்ததை அப்படியே எழுதியது.

‘இந்தப் புத்தகத்தில் முதல் பாதி சுத்த அறுவை. நீர்நாயின் அத்தை கல்யாணத்தை ஆசிரியர் இழு இழுவென்று இழுக்கிறார். பந்தியில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு எதற்கு? நான் இரண்டு தடவை தூங்கிவிட்டேன். ஆனால் தம்பி நீர்நாய் கிணற்றில் விழுந்த பிறகு நான் சாப்பிடவே இல்லை. உள்ளே முதலை இருக்கிறது என்று தெரிந்தே அக்கா நீர்நாய் குதிக்கிறது. அங்கே அழுதுவிட்டேன். அழுதுகொண்டே பக்கத்தைத் திருப்பினால் புத்தகம் முடிந்துவிட்டது. இப்படி முடிப்பவரையும் அதே கிணற்றில் தள்ள வேண்டும்.’

கொக்கு சார் ஒற்றைக் காலில் நின்றபடி படித்தார். படிக்கப் படிக்க அவர் கழுத்து நீண்டுகொண்டே போனது.

“இது விமர்சனமா, வசவா?”

“படிச்சதை எழுதினேன் சார்.”

“படிச்சதை யாரு எழுதச் சொன்னா? பாராட்டி எழுதணும். வெள்ளிக்கிழமை வாசிப்பு விழா. பேரறிஞர் பெருங்காதனாரே தலைமை தாங்க வர்றார். அவர் முன்னாடி இதையா படிப்பே? நரி எழுதியிருக்கான் பாரு, அதுதான் விமர்சனம்.”

நரியின் தாளில் இப்படி இருந்தது: ‘கருத்தாழமும் கற்பனை வளமும் கைகோத்து நடக்கும் இந்நூல், இந்தக் காட்டுக்குக் கிடைத்த அருமருந்து.’

“இந்தத் தடவை முதல் பரிசு நரிக்குத்தான். பரிசு என்ன தெரியுமா? நீ கேக்குறியே, அந்த இரண்டாம் பாகம். இருக்குறதே ஒரு பிரதிதான். இனி அது அவன் சொத்து” என்றார் கொக்கு சார்.

நரி வீட்டுக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மைதானத்தில் நரி கால்மேல் கால் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“டேய் நரி, நிஜமாவே அந்தப் புத்தகத்தைப் படிச்சியா?”

“எதுக்குப் படிக்கணும்?” நரி கொட்டாவி விட்டது. “முதல் ரெண்டு பக்கத்துல அணிந்துரைன்னு ஒண்ணு இருக்கும். அதைப் பாத்து எழுதிருவேன். எல்லாப் புத்தகத்துக்கும் பெருங்காதனார்தான் அணிந்துரை. எல்லாமே அருமருந்துதான். முள்ளங்கி வளக்கிற புத்தகம்கூட அருமருந்து. உனக்கும் ஒண்ணு எழுதித் தரவா?”

“இரண்டாம் பாகத்தை வச்சு என்ன பண்ணுவே?”

“நல்ல தடிமன். தலைக்கு வச்சுத் தூங்கலாம். நீ போய் மண்ணைத் தோண்டுடி, பெருச்சு.”

பெருச்சாளி வளைக்குப் போய்ப் புதுத் தாள் எடுத்து ‘கருத்தாழமும் கற்பனை வளமும்’ என்று எழுதிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையோ எழுதின மாதிரி இருந்தது. கிணற்றில் ஒரு குட்டி தத்தளித்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் யாரைக் கைகோத்து நடக்கவிடுகிறார்கள்? தாளைக் கசக்கி எறிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விழா. பேரறிஞர் பெருங்காதனார் வந்து உட்கார்ந்ததும் மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் யானை. கொக்கு சார் வரவேற்றுப் பேசினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.

பிறகு நரி எழுந்து, கணீரென்று தன் விமர்சனத்தைப் படித்தது. யானை கண்ணை மூடித் தலையாட்டியது. அத்தனையும் அது எழுதிய வாக்கியங்கள் ஆயிற்றே! அடுத்தவர் வாயால் கேட்க ஆனந்தமாக இருந்தது.

“ஆகா, என்ன ஆழ்ந்த வாசிப்பு! என் நெஞ்சில் இருப்பதை அப்படியே சொல்லிவிட்டான் இந்தப் பிள்ளை” என்று சொல்லி, யானை இரண்டாம் பாகத்தைத் தும்பிக்கையால் எடுத்தது.

பெருச்சாளிக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை.

“ஐயா, ஒரே ஒரு கேள்வி. அவன்கிட்ட கேட்டுட்டு அப்புறம் குடுங்க. நீர்நாய் எதுக்குக் கிணத்துல குதிச்சது?”

கொக்கு சார் இறக்கையை ஓங்கினார். யானையோ பெருந்தன்மையாகச் சிரித்தது. “கேட்கட்டும். சொல் தம்பி.”

நரி மேலே பார்த்தது, கீழே பார்த்தது.

“குளிக்க” என்றது.

எங்கோ ஒரு குரங்கு களுக்கென்று சிரித்தது. நரியைக் கைவிட யானைக்கு மனம் வரவில்லை. “ஆம். தூய்மையின் சிறப்பை ஆசிரியர் அங்கே எவ்வளவு நயமாக உணர்த்துகிறார்!”

“ஐயா, உள்ளே முதலை இருக்கு” என்றது பெருச்சாளி.

“முதலையா?” யானையின் காதுகள் அப்படியே நின்றன. “இந்தப் புத்தகத்திலா?”

முயல்கள் விழித்துக்கொண்டன.

“என்னது, முதலையா?”

“ஏ பெருச்சு, எந்த முதலை? சொல்லு சொல்லு.”

பெருச்சாளி சொன்னது. கல்யாணத்தைத் திட்டியது. பந்தியைத் திட்டியது. ஆசிரியரை நாலு பிடி பிடித்தது. தம்பி விழுந்த இடம் வந்ததும் குரல் இறங்கியது. அக்கா குதித்ததைச் சொன்னபோது முயல்கள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டன.

“அப்புறம்?” என்றது குரங்கு.

“அப்புறம் அதோ, அவர் கையில இருக்கு.”

எல்லோரும் தும்பிக்கையைப் பார்த்தார்கள். நரிகூடப் பார்த்தது.

அப்போதுதான் முள்ளம்பன்றி டீச்சர் மேடை ஏறினார். முட்கள் லேசாகச் சிலிர்த்திருந்தன. யானையே ஓரடி பின்வாங்கியது.

“முதல் பாகம் படிச்சு முடிச்சவங்களுக்குத்தான் இரண்டாம் பாகம். என் நூலகத்துல அதுதான் முறை. படிச்சவங்க கையைத் தூக்குங்க.”

பெருச்சாளியின் கை மட்டும் உயர்ந்தது. கொக்கு சார் ஓர் இறக்கையைப் பாதி தூக்கி, என்ன நினைத்தாரோ, மறுபடி மடக்கிக்கொண்டார்.

யானை ஒரு பெருமூச்சு விட்டது. புத்தகத்தைப் பெருச்சாளியிடம் நீட்டிவிட்டு, தணிந்த குரலில் டீச்சரிடம் கேட்டது: “முதல் பாகம் எனக்குக் கிடைக்குமா?”

“குரங்கு இப்பத்தான் பாய்ஞ்சு எடுத்துட்டுப் போயிட்டான் ஐயா. அவனுக்கு அடுத்தது முயலுங்க. முயலுங்க நிறைய பேரு. வரிசையில நில்லுங்க.”

பேரறிஞர் வரிசையில் போய் நின்றார்.

பெருச்சாளியின் விமர்சனத்தை டீச்சர் தன் முள் ஒன்றால் நூலக வாசலில் குத்தி வைத்தார். அதைப் படிக்க வந்த கூட்டம் உள்ளேயும் போனது. அலமாரியில் தூங்கிய புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே கிளம்பின. முள்ளங்கிப் புத்தகத்தை எடுத்துப்போன மான்குட்டி, ‘இதில் பாதி பொய், நான் நட்டுப் பார்த்துவிட்டேன்’ என்று எழுதி வந்தது. உடனே அதற்கும் கிராக்கி ஏறிவிட்டது.

திங்கட்கிழமை நரி பெருச்சாளியை மறித்தது. கண் சிவந்திருந்தது.

“நேத்தெல்லாம் தூக்கமே இல்ல. நீர்நாய் பொழச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லிரு.”

“படிச்சுப் பாரு.”

“வரிசையில எனக்கு முன்னாடி யானை நிக்குதுடி. அது எழுத்துக் கூட்டிப் படிச்சு என்னைக்கு முடிக்கிறது?”

“அது வரைக்கும் அணிந்துரையைப் படிச்சுக்கிட்டு இரு” என்று சொல்லிவிட்டுப் பெருச்சாளி நடந்தது.

படிக்காமல் பாடும் புகழ் புத்தகத்தை அலமாரியிலேயே தூங்க வைக்கும். படித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு சொல், திட்டாகவே இருந்தாலும், அதை ஊரெல்லாம் நடக்க வைக்கும்.