தைக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்

நாகலிங்கம் குருவைத் தேடி வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு நாற்பத்திரண்டு.

குரு என்றதும் காவியைத் தேட வேண்டாம். அன்னத்தாய் ஒரு நர்ஸ். இனி மருந்தால் ஆவதற்கில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைகழுவி அனுப்பியவர்களுக்காக, ஒரு கரட்டுக் குன்றின் அடியில் பதினான்கு கட்டில் போட்டு விடுதி நடத்தி வந்தார்.

நாகலிங்கத்துக்கும் அதே தொழில்தான். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் ஆண் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நரம்பே பிடிபடாத கையிலும் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், சம்பாதித்த கர்வம்தானே.

அவருடைய மனைவி கனகம் கடைசி இருபது நாள் அந்த விடுதியில்தான் கிடந்தாள். அவளுக்குக் காரியம் முடிந்து மூன்றாம் மாதம் அவர் திரும்பி வந்து நின்றார்.

"கனகம் உங்ககிட்ட பேசுனதுல கால்வாசிகூட என்கிட்ட பேசலை. நான் பக்கத்துலயேதான் இருந்தேன். அது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சாகணும்மா."

"இங்கேயே இருந்து வேலை பாருங்க" என்றார் அன்னத்தாய்.

மறுநாள் காலை நாகலிங்கம் டிரேயை எடுத்துக்கொண்டு பதினான்கு கட்டிலையும் சுற்றி வந்தார். காய்ச்சல் பார்த்தார், புண்ணுக்குக் கட்டு மாற்றினார், வலிக்கு மருந்து கொடுத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. அன்னத்தாய் அவர் கையிலிருந்து டிரேயை வாங்கிக்கொண்டார்.

"இப்ப இன்னொரு தடவை போயிட்டு வாங்க."

"டிரே இல்லாம எதுக்கும்மா?"

"சும்மாதான்."

இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாலே நிமிஷத்தில் வந்துவிட்டார்.

"யாரும் எதுவும் சொல்லலையே."

"ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு முக்காலி கிடக்குதே. உட்கார்ந்தீங்களா?"

"இல்லை."

அன்னத்தாய் டிரேயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஒன்பதாம் கட்டிலில் சன்னாசி என்பவர் இருந்தார். கிணறு வெட்டும் தொழில். ஈரலில் கட்டி. தனியாக வந்து சேர்ந்தவர். சொந்தக்காரர் யாரும் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் நாள் காலை நாகலிங்கம் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது சன்னாசி கேட்டார்.

"அய்யா, நான் தேறிருவேனா?"

நாகலிங்கத்தின் கண் ஊசியில் இருந்தது.

"தேறலேன்னாலும் சொல்லிப்புடுங்க. ஒரு சோலி கெடக்கு. ஒரு ஆளுக்குப் போன் போடணும்."

சன்னாசி தலையணைக்கடியிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தார். மடிப்பெல்லாம் கிழிந்துபோய், நடுவில் பேனாவால் எழுதிய எண்கள் மட்டும் தப்பியிருந்தன.

"என்ன பேச்சு இது?" என்றார் நாகலிங்கம். "கார்த்திகை பிறந்தாச்சு. தைக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

"நெசமாவா?"

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ். எனக்குத் தெரியாதா?"

சன்னாசி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச் சரி. போன்ல பேசுற பேச்சில்ல அது. தேறுனதும் நானே நேர்ல போயிக்கிறேன்."

சீட்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். நாகலிங்கம் பத்தாம் கட்டிலுக்கு நகர்ந்தார். ஒருவருக்குத் தைரியம் சொன்ன திருப்தி அவருக்கு இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் முற்பகலில் சன்னாசி இறந்துபோனார்.

உடலைத் துடைப்பதற்காகத் தலையணையை எடுத்தபோது சீட்டு கீழே விழுந்தது. அன்னத்தாய் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"மகளாம். பேரு பேச்சி. திருப்பூர்ல இருக்காங்க. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு அப்பா ஆறு வருஷமா பேசலையாம். அத்தைகிட்ட எழுதிக் குடுத்து விட்ட நம்பராம் இது. அப்பவே கிழிச்சுப் போட்டிருப்பாருன்னு நினைச்சிருக்காங்க. கிளம்பி வர்றாங்க."

நாகலிங்கத்தின் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது.

"அந்தச் சீட்டை என்கிட்ட காட்டுனாரு" என்றார். "தேறுவேனான்னு கேட்டாரு. தைக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன்."

அன்னத்தாய் துணியை வாங்கிப் பிழிந்து, சன்னாசியின் கால்களைத் துடைக்க ஆரம்பித்தார். மண்ணோடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன கால்கள்.

"உண்மையைச் சொன்னா பயந்துருவாருன்னுதாம்மா சொன்னேன். நல்லதுக்குத்தானே?"

"கேட்கும்போது அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

நாகலிங்கம் யோசித்துப் பார்த்தார். ஊசி போட்ட நரம்பு நினைவுக்கு வந்தது. சீட்டு நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.

"பார்க்கலை."

அன்னத்தாய் அடுத்த காலைத் துடைத்தார். நாகலிங்கமே மறுபடியும் பேசினார்.

"கனகமும் இதே மாதிரி ஒருநாள் கேட்டா. அவளுக்கும் இதையேதான் சொன்னேன்."

"தெரியும். அவங்களே சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

அன்னத்தாய் தயங்கினார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த மனிதர் இங்கே வந்து கிடக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

"'அவரு ரொம்பப் பயப்படுறாரு சிஸ்டர். இனிமே அவர்கிட்ட இதைப் பத்திப் பேச மாட்டேன்'னு சொன்னாங்க."

நாகலிங்கம் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த விடுதியில் அவர் முக்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் இருந்தவரோ இனிப் பேசப் போவதில்லை.

நாலு மணி வாக்கில் பேச்சி வந்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அப்பாவின் காலடியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். குழந்தையின் கையைப் பிடித்து அந்தக் கால்களைத் தொட வைத்தாள். பிறகு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், அந்த நம்பரை வச்சிருந்தாரே. பேசணும்னு நினைச்சாரா? எனக்குன்னு ஏதாவது சொன்னாரா?"

அன்னத்தாய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"நான் அவர்கூட இல்லைம்மா. கூட இருந்தவரை வரச் சொல்றேன்."

நாகலிங்கம் உள்ளே மருந்து அலமாரியின் பக்கம் நின்றிருந்தார். கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர் கை தன்னையறியாமல் டிரேயை எடுத்துக்கொண்டிருந்தது. அன்னத்தாய் அதை வாங்கி அலமாரியின் மேல் வைத்தார்.

"வலி தெரியாம போயிட்டாருன்னு சொல்லிரவாம்மா? 'எம் பொண்ணு நல்லா இருக்கணும்'னு கடைசியா சொன்னாருன்னு சொல்லிரவா? அந்தப் புள்ள மனசு ஆறிடும்."

அன்னத்தாய் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"பின்ன என்னதாம்மா சொல்றது அந்தப் புள்ளகிட்ட?"

"அவங்க அப்பா என்ன கேட்டாரு, நீங்க என்ன சொன்னீங்க, அதை அப்படியே சொல்லுங்க" என்றார் அன்னத்தாய். "பெஞ்சுக்குப் பக்கத்துல முக்காலி போட்டிருக்கேன்."