சேவ் பட்டன் இருக்கும் இடம்

"மேடம், இதையெல்லாம் அணைச்சுடலாமா?" என்று கேட்டார் தணிகாசலம்.

திரையில் பாதிக்கு மேல் சிவப்பு. ஒவ்வொரு சிவப்பும் தோற்றுப்போன ஒரு சோதனை.

ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தளவு கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள் அது. புதுப் பதிப்பு நாளைக்குப் போயாக வேண்டும்.

ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் சோதனைப் பிரிவில் எல்லோருக்கும் அவர்தான் குரு. கிண்டலாக வைத்த பேர்தான், அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஏன் தோத்துச்சாம்?"

"வழக்கம்போலத்தான். புரோகிராம் எழுதறவங்க சேவ் பட்டனை இடம் மாத்திட்டாங்க."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? வாராவாரம் இதே கூத்து. ஒவ்வொரு சோதனையிலயும் மேலேயிருந்து மூணாவது பெட்டி, அதுல ரெண்டாவது பட்டன்னு எழுதி வெச்சிருக்கோம். அவங்க ஒரு பெட்டியை நகர்த்தினா அத்தனையும் படுத்துடுது. ஒவ்வொண்ணா திறந்து திருத்தறதுக்குள்ள அடுத்த மாத்தம் வந்துடுது. முடியல மேடம். வெறுத்துப்போச்சு."

பொய்யில்லை. மனுஷன் நொந்து நூலாகிப்போயிருந்தார்.

ஜெசிந்தா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீ போடும் பேண்ட்ரி பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூரியர்க்காரர் வந்தார். நேராக ஜன்னலோரம் போனார். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

டீ கொண்டுவரும் அக்காவும் அப்படியே.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தணிகாசலத்துக்கு அந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. "ரிசப்ஷன்ல ஒரு வார்த்தை கேட்டா என்னவாம் இவங்களுக்கு? அங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதாதா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அன்று முழுக்க தணிகாசலம் வேறெதையும் தொடவில்லை. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்ற சங்கதியையெல்லாம் சோதனைகளிலிருந்து பிடுங்கினார். 'கிளாஸ்' என்று சொல்லும் தனி நிரல் துண்டு ஒன்றே ஒன்று எழுதி அதற்குள் போட்டு அடைத்தார். இனிமேல் சோதனை 'சேவ் பண்ணு' என்று மட்டும் சொல்லும். தேடிப் பிடிப்பது கிளாஸ் பாடு.

மறுநாள் காலை ஓட்டிப் பார்த்தார்.

பச்சை. அடுத்ததும் பச்சை. வரிசையாகப் பச்சை. மாதக்கணக்கில் இப்படிப் பார்த்ததில்லை அவர். கண் கலங்கிவிட்டது.

"மேடம், இங்க வாங்களேன்."

ஜெசிந்தா வந்து பார்த்தார். "ஒண்ணு சிவப்பா இருக்கே."

"அதுவா? அதுல பட்டனோட பழைய இடத்தையே மாத்தாம விட்டுட்டேன் போல."

"விட்டீங்களா, பாருங்க."

பார்த்தார். விடவில்லை. பட்டனைக் கிளாஸ் சரியாகவே பிடித்திருந்தது, அழுத்தியும் இருந்தது. கைக்குழந்தையின் எடையைக் கொடுத்து மருந்தளவு கேட்கும் சோதனை அது. பெரியவர்களுக்கான அளவு வந்து நின்றது.

தணிகாசலம் மெல்ல மூச்சு விட்டார்.

"நல்லவேளை மேடம். இன்னிக்கு சாயங்காலம் போகவேண்டியது. தப்பிச்சோம்."

"இது எப்போலேர்ந்து சிவப்பு, சார்?"

"இது ரொம்ப நாளாவே அப்படித்தான் மேடம். பட்டன்தான்னு நினைச்சு நாங்க திறந்துகூட பார்க்கல. பொங்கலுக்கு முன்னாடி ஒரு பதிப்பு அனுப்பினோமே, அதுலேர்ந்து சிவப்புதான். இப்ப ஆஸ்பத்திரிகள்ல ஓடறதும் அதுதானே..."

ஜெசிந்தா மேஜைமேல் இருந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு முதல்ல போடுங்க, சார்."