முப்பதைக் காட்டிய முள்

ஒரு ஜீப்பின் முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு வேகமானி முள் குடியிருந்தது. அது பொய் சொன்னதில்லை. அந்தக் கர்வமும் அதற்குக் கொஞ்சம் இருந்தது. "தராசு முள்ளும் நானும் ஒரே குலம்" என்று பக்கத்து டீசல் முள்ளிடம் அடிக்கடி சொல்லும். பாதி நாள் காலியிலேயே படுத்துக் கிடக்கும் டீசல் முள், குலப்பெருமை பேசும் நிலையில் இல்லை.

ஜீப்புக்குச் சொந்தக்காரர் பொள்ளாச்சி மருதாசலம். தேங்காய் மண்டி வைத்திருந்தார். அந்த வருடம் மண்டிக்காரர் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். தலைவரான பிறகும் பழைய உயரத்திலிருந்தே இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? நேராக டயர் கடைக்குப் போனார்.

டயரின் அளவு அதன் விலாவிலேயே எழுதியிருக்கும், படிப்பவர்கள்தான் குறைவு. கடைக்காரர் காதர் மைதீன் அதைத் தடவிக் காட்டினார். "கம்பெனி போட்ட அளவு இதுங்க. ரொம்பப் பெருசாப் போட்டா மட்கார்டுல இடிக்கும். பிரேக்குக்கும் பாரம்."

"உங்க கடையில இருக்கறதுலயே பெருசு எதுங்க?"

"அது லாரிக்குப் போடறதுங்க."

"சரி, அதுக்கு அடுத்தது?"

அதற்கு அடுத்தது மாட்டப்பட்டது. வீட்டு வாசலில் வந்து நின்ற ஜீப்பை அவர் மனைவி செல்லநாயகி அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, ஏணி எங்கீங்க?"

"தலைவர் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

"தலைவர் நீங்கதானுங்களே. நான் எதுக்குத் தொங்கிட்டு ஏறோணும்?"

கீழே வேறொரு தகராறு நடந்தது. "கொஞ்சம் தள்ளி உட்கார்" என்றது புது டயர், மட்கார்டிடம்.

"இது என் வீடு."

"வீடு சிறிதாக இருப்பது உன் குற்றம்."

மறுநாள் வால்பாறையிலிருக்கும் மைத்துனருக்கு வண்டியைக் காட்டப் புறப்பட்டார்கள். ஆழியாறு சாலையில் ஏழு கிலோமீட்டர் கற்களைத் தாண்டியபோது, முள்ளின் காலடியில் ஓடும் தூர எண்களில் ஆறுதான் கூடியிருந்தது. முள் திடுக்கிட்டது.

"கல்லே, நீ பொய் சொல்கிறாயா?"

"நான் நட்ட இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை" என்றது கல். "உங்கள் வண்டிக்குத்தான் கால் நீண்டுவிட்டது. ஓர் எட்டுக்கு அதிக தூரம் போகிறீர்கள். கணக்கு மட்டும் பழைய எட்டில் இருக்கிறது."

மருதாசலமும் கற்களைக் கவனித்தார். "ரோடு போட்டவன் கல்லை நெருக்கி நெருக்கி நட்டிருக்கான் பாரு" என்றார் மனைவியிடம்.

முள் தன்னை இழுக்கும் கேபிளைக் கெஞ்சியது. "கொஞ்சம் கூட்டிச் சொல். நான் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன்."

"சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒன்று என்று மேலே அனுப்புவேன். சக்கரம் பெரிதா சிறிதா என்று கேட்க எனக்கு உத்தரவில்லை."

டயர்களிடம் முறையிட்டது. அவை சிரித்தன. "வேகம் கூடுகிறது, கணக்குக் குறைகிறது. இப்படி ஒரு நிர்வாகம் எவருக்குக் கிடைக்கும்? பேசாமல் இரு."

திரும்பும்போது மலை இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால், முப்பதுக்கு மேல் போகாதீர் என்று ஒரு பலகை. மருதாசலம் சட்டத்தை மதிப்பவர். முள்ளைச் சரியாக முப்பதில் நிறுத்தி ஓட்டினார். வண்டி உண்மையில் முப்பத்தைந்தில் இறங்கியது. இரண்டு உயிர்கள் தன்னை நம்பிக் கீழே போவதை முள் கண்ணாடி வழியே பார்த்தது. அதனால் முடிந்தது நடுங்குவது மட்டும். நடுங்கியது.

"ஏனுங்க, வேகமாப் போற மாதிரி இருக்குதுங்க."

"முள்ளைப் பாரு. முப்பது."

"முள்ளை நான் எதுக்குங்க பாக்கோணும்? நீங்க பள்ளத்தைப் பாருங்க!"

பிரேக்கை மிதித்தார். புதுப் பாரத்தை நிறுத்தப் பிரேக் திணறியது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். டயர் மட்கார்டில் போய் முட்டியது, இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பாதி திரும்பிய ஜீப் தடுப்புச் சுவரில் மோதி, பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி நின்றது. செல்லநாயகியின் நெற்றியில் ஒரு வீக்கம். உயிருக்குச் சேதம் இல்லை.

பட்டறையில் மருதாசலம் குரலை உயர்த்தினார். "முப்பதுலதான் வந்தேன். சத்தியமா முப்பது!"

மெக்கானிக் செபஸ்தியான் குனிந்து பார்த்தார். "முப்பதுன்னு காட்டியிருக்கும்ங்க. டயர் அளவு தப்பு. அதை மாத்துற வரைக்கும் மீட்டர் தப்பாத்தான் காட்டும்."

ஒரு தலைவரின் காதில் எந்த வாக்கியமும் முழுதாக விழுவதில்லை.

"அப்படிச் சொல்லுங்க! மீட்டர் தப்பு. அதுதானே பாத்தேன், பக்கத்துலயே இருந்துட்டுக் கழுத்தறுத்திருக்குது. புடுங்கிப் போடுங்க அதை."

"ஏனுங்க, அவரு டயரைன்னு சொல்றாருங்க" என்றார் செல்லநாயகி, நெற்றியைப் பிடித்துக்கொண்டே.

"நீ செத்த சும்மா இரு."

செபஸ்தியான் செல்லநாயகியைப் பார்த்தார், மருதாசலத்தைப் பார்த்தார், குறடு ஒன்றை எடுத்தார். முள் கடைசியாக ஒரு முறை கீழே பார்த்தது. வண்டி அசையாமல் நின்றது; தான் பூஜ்யத்தில் இருந்தது. புது டயர்கள் வந்த பிறகு அது உண்மை சொன்னது வண்டி நிற்கும்போது மட்டும்தான்.

குறடு இழுத்தது.

கீழே நான்கு டயர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"முள்ளை எடுத்துவிட்டார்கள்" என்றது முன் டயர். "இனிப் பாதை சுத்தம்."